நிதி அமைச்சும் திறைசேரியும்: தோற்றம், வளர்ச்சி, அமைப்பு

க.பொ.த. (சாதாரண தர)ப் பரீட்சை வழிகாட்டி
குடியியற் கல்வி, வரலாறு, வணிகக் கல்வி ஆகிய பாடங்களைக் கற்போருக்கு



உங்கள் பாடநூல் ஒன்றைக் கையில் எடுங்கள். 1980ஆம் ஆண்டு முதல் அரசாங்கம் பாடநூல்களை இலவசமாக வழங்கி வருகின்றது. இந்நூலுக்காக நீங்கள் ஒரு சதமேனும் கொடுக்கவில்லை. ஆயினும் காகிதத்துக்கும் மைக்கும் அச்சிட்டவருக்கும் யாரோ பணம் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? அதனைச் செலவிட அனுமதி அளித்தவர் யார்? செலவிட்ட பின்னர் கணக்குக் கேட்பவர் யார்? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியே கோட்டைக்குச் செல்வோர், காலிமுகத் திடலின் வட அந்தத்தில் உயர்ந்த தூண்களுடன் கூடிய பழைய பாராளுமன்றக் கட்டடத்தைக் காண்பர். சட்டநிரூபண சபைக்காக 1930இல் திறக்கப்பட்ட இக்கட்டடம் பின்னர் ஜனாதிபதி செயலகமாயிற்று. அதற்கு அண்மையில், லோட்டஸ் வீதியிலுள்ள செயலகக் கட்டடத்தில் நிதி அமைச்சும் திறைசேரியும் அமைந்துள்ளன. கொட்டாஞ்சேனை மாணவர்களுக்குத் துறைமுகமும் அதனை அண்டிய சுங்கத் தலைமையகமும் நன்கு பழக்கமானவை. அரசாங்க வருமானத்தின் கணிசமான பகுதி அங்கு அறவிடப்படுகின்றது. ஆகவே இப்பாடம் உங்கள் அன்றாட வழியிலேயே இருக்கின்றது.

இப்பாடத்தைக் கற்ற பின்னர் உங்களால்
1. நிதி அமைச்சின் வரலாற்றுக் கட்டங்களை வரிசைப்படுத்த முடியும்.
2. அரசாங்க நிதி பற்றிய யாப்பு ஏற்பாடுகளைக் குறிப்பிட முடியும்.
3. நிதி அமைச்சின் அமைப்பையும் பிரதான திணைக்களங்களின் பணிகளையும் விளக்க முடியும்.
4. நிதி அமைச்சு, மத்திய வங்கி, நிதி ஆணைக்குழு ஆகியவற்றை வேறுபடுத்திக் காட்ட முடியும்.

1. முதலில் அறிய வேண்டிய சொற்கள்

திரட்டு நிதியம்: வரிகள், கட்டணங்கள் முதலியவற்றால் அரசாங்கத்துக்குக் கிடைக்கும் பணம், வேறு குறிப்பிட்ட நோக்கத்துக்கெனச் சட்டத்தால் ஒதுக்கப்படாதவிடத்து, வந்து சேரும் பொது நிதியமாகும்.

வரவு செலவுத் திட்டம்: வரும் நிதியாண்டில் அரசாங்கம் எதிர்பார்க்கும் வருமானத்தையும் செய்யக் கருதும் செலவையும் காட்டும் திட்டமாகும். இலங்கையின் நிதியாண்டு ஜனவரி 1 முதல் டிசெம்பர் 31 வரையாகும்.

ஒதுக்கீட்டுச் சட்டமூலம்: ஒவ்வோர் அமைச்சுக்கும் எவ்வளவு பணம் என்பதை நிர்ணயித்துப் பாராளுமன்றத்தின் அங்கீகாரத்தைக் கோரும் சட்டமூலமாகும்.

மீண்டெழும் செலவு: சம்பளம், ஓய்வூதியம், கடன் வட்டி போன்று ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப ஏற்படும் செலவு.

மூலதனச் செலவு: வீதி, பாலம், வைத்தியசாலைக் கட்டடம் போன்று நீண்ட காலம் பயன்தரும் சொத்துகளை உருவாக்கும் செலவு.

திறைசேரி: அரசாங்கப் பணத்தின் வரவையும் வெளிப்பாய்ச்சலையும் நிருவகிக்கும், நிதி அமைச்சின் மையப் பகுதியாகும்.

2. வரலாற்றுப் பின்னணி

இவ்வரலாற்றைக் கற்கும்போது ஒரு வினாவை எப்போதும் மனதில் வைத்திருங்கள்: அரசாங்கப் பணப்பெட்டியின் திறவுகோல் அக்காலத்தில் யாருடைய கையில் இருந்தது?

(அ) ஆளுநரின் கையில்: 1796 – 1931

இலங்கையின் கரையோரப் பிரதேசங்கள் 1796இல் பிரித்தானியர் வசமாயின. 1802இல் அவை முடிக்குரிய குடியேற்ற நாடாக்கப்பட்டன. 1815இல் கண்டி இராச்சியமும் அவர்கள் வசமாயிற்று. குடியேற்ற அரசாங்கத்தின் செலவு வருமானத்தை மிஞ்சியது. இந்நிலைமையை ஆராய்வதும் கோல்புறூக் – கமரன் ஆணைக்குழு அனுப்பப்பட்டதற்கான காரணங்களுள் ஒன்றாகும். அதன் விதப்புரைகளின்படி 1833இல் சட்டநிர்வாக சபையும் சட்டநிரூபண சபையும் அமைக்கப்பட்டன. திறைசேரிக்குப் பொறுப்பான அதிகாரி சட்டநிர்வாக சபையில் இடம்பெற்றார். சட்டநிரூபண சபையில் உத்தியோகப் பற்றற்ற அங்கத்தவர் அறுவர் இருந்தனர். எனினும் பெரும்பான்மை உத்தியோக அங்கத்தவரிடமே இருந்தமையால், வரி விதிப்பதிலும் செலவிடுவதிலும் ஆளுநரின் விருப்பமே நிறைவேறியது.

மக்களின் சம்மதமின்றி வரி விதித்ததன் விளைவை 1848இல் காணலாம். ஆளுநர் டொரிங்டன் காலத்தில் துப்பாக்கி, நாய், கடை முதலியவற்றுக்கு வரி விதிக்கப்பட்டது. வீதி வேலைக்காக ஆண்டுக்கு ஆறு நாள் உழைப்பை வழங்க வேண்டும், அல்லது அதற்கீடாகப் பணம் செலுத்த வேண்டும் என்றும் கட்டளை பிறந்தது. மாத்தளை, குருநாகல் முதலிய பகுதிகளில் கிளர்ச்சி வெடித்தது. 1864இல், இராணுவச் செலவு தொடர்பான சர்ச்சையினால் உத்தியோகப் பற்றற்ற அங்கத்தவர்கள் சபையிலிருந்து விலகினர். அடுத்த ஆண்டில் இலங்கை லீக் என்னும் அமைப்பு உருவானது. இவ்விரு சம்பவங்களுக்கும் அடிப்படை ஒன்றே: பணம் கொடுப்பவருக்கு அதன் செலவு பற்றிப் பேசும் உரிமை இருக்கவில்லை.

1924ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின் மூலம் சட்டநிரூபண சபையின் 49 அங்கத்தவருள் 37 பேர் உத்தியோகப் பற்றற்றோராயினர். இவர்களால் நிதிக் கோரிக்கைகளை விமர்சிக்கவும் தடுக்கவும் முடிந்தது. ஆனால் நிருவாகப் பொறுப்பு இவர்களிடம் இருக்கவில்லை. அதிகாரம் ஒரு பக்கத்திலும் பொறுப்பு மறுபக்கத்திலும் இருந்த இக்குறைபாட்டை டொனமூர் ஆணைக்குழு சுட்டிக்காட்டியது.

(ஆ) நிதிச் செயலாளரின் கையில்: 1931 – 1947

டொனமூர் யாப்பின் கீழ் 1931இல் சர்வசன வாக்குரிமையுடன் அரசாங்க சபை அமைக்கப்பட்டது. ஏழு நிர்வாகக் குழுக்களும் அவற்றின் தலைவர்களான ஏழு அமைச்சர்களும் இருந்தனர். விவசாயம், கல்வி, சுகாதாரம் முதலிய துறைகள் மக்கள் பிரதிநிதிகளிடம் வந்தன. ஆனால் நிதி வரவில்லை. பிரதம செயலாளர், சட்டச் செயலாளர், நிதிச் செயலாளர் என்னும் மூன்று அரச உத்தியோகத்தருக்கென முக்கிய துறைகள் ஒதுக்கப்பட்டன. அவர்கள் மக்களால் தெரிவு செய்யப்பட்டவர்களல்லர், ஆளுநருக்கே பொறுப்புடையவர்கள். சபையில் பேசலாம், ஆனால் வாக்களிக்க முடியாது. ஆண்டுச் செலவு மதிப்பீட்டை அமைச்சர் சபை தயாரித்தாலும் நிதித் துறையின் தலைவர் நிதிச் செயலாளரேயாவார். இப்பதவியை இறுதியாக வகித்தவர் இலங்கையரான சேர் ஒலிவர் குணதிலக்க ஆவார்.

இக்காலத்தின் முக்கிய நிதிச் சம்பவம் 1932இல் வருமான வரி அறிமுகப்படுத்தப்பட்டமையாகும். இன்றைய உள்நாட்டு இறைவரித் திணைக்களம் இதன் வழியே வளர்ந்தது.

(இ) நிதி அமைச்சரின் கையில்: 1947 முதல்

சோல்பரி யாப்பின் கீழ் 1947இல் பாராளுமன்றமும் அமைச்சரவையும் தோன்றின. நிதிச் செயலாளர் பதவி ஒழிந்து நிதி அமைச்சு உருவாகியது. முதலாவது நிதி அமைச்சர் ஜே. ஆர். ஜயவர்தன ஆவார். 1949ஆம் ஆண்டின் 58ஆம் இலக்க நாணய விதிச் சட்டத்தின்படி 1950 ஓகஸ்ட் 28இல் இலங்கை மத்திய வங்கி திறக்கப்பட்டது. அதன் முதலாவது ஆளுநர் ஜோன் எக்ஸ்டர். அதற்கு முன்னர் 1884இல் அமைக்கப்பட்ட நாணயச் சபையே தாள் நாணயங்களை வெளியிட்டு வந்தது. 1950 ஓகஸ்டில் இலங்கை சர்வதேச நாணய நிதியத்திலும் உலக வங்கியிலும் அங்கத்துவம் பெற்றது.

திறவுகோல் மக்கள் பிரதிநிதிகளிடம் வந்த பின்னர் மக்களின் கேள்வியும் அவர்களிடமே வந்தது. 1953இல் அரசாங்கம் அரிசி மானியத்தைக் குறைத்தது. 25 சதமாக இருந்த பங்கீட்டு அரிசி ஒரு கொத்தின் விலை 70 சதமாகியது. பாடசாலைப் பிள்ளைகளுக்கான இலவச மதிய உணவு நிறுத்தப்பட்டது. புகையிரத, தபால் கட்டணங்களும் உயர்ந்தன. 1953 ஓகஸ்ட் 12இல் நாடு தழுவிய ஹர்த்தால் நடைபெற்றது. கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்றில் அமைச்சரவை கூட வேண்டிய நிலை ஏற்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். பற்றாக்குறையைக் குறைப்பது நிதி அமைச்சின் கடமை என்பதும், அதன் சுமை யார் மீது விழுகின்றது என்பதை ஆராயாவிட்டால் அரசாங்கமே ஆட்டங்காணும் என்பதும் இதிலிருந்து பெறப்படும் பாடமாகும்.

நினைவில் வைத்திருக்க வேண்டிய நிதி அமைச்சர்கள் சிலர்:

• ஜே. ஆர். ஜயவர்தன (1947 – 1953): முதலாவது நிதி அமைச்சர்.
• கலாநிதி என். எம். பெரேரா (1964, 1970 – 1975): இடதுசாரித் தலைவர். 1970இல் 50 ரூபா, 100 ரூபாத் தாள்களைச் செல்லுபடியற்றதாக்கி மாற்றீடு செய்ய வைத்தார்.
• ரொனி டி மெல் (1977 – 1988): திறந்த பொருளாதாரக் கொள்கையை அறிமுகப்படுத்திய அரசாங்கத்தின் நிதி அமைச்சர். தொடர்ச்சியாக 11 வரவு செலவுத் திட்டங்களைச் சமர்ப்பித்தார்.
• எம். எச். எம். நைனா மரிக்கார் (1988 – 1989): ரொனி டி மெல்லின் பின்னர் நிதி அமைச்சரானவர்.

1978ஆம் ஆண்டு யாப்பின் கீழ் ஜனாதிபதியே நிதி அமைச்சராகவும் இருந்த சந்தர்ப்பங்கள் பலவாகும். சந்திரிகா பண்டாரநாயக்க குமாரதுங்க, மகிந்த ராஜபக்ஷ, ரணில் விக்கிரமசிங்க ஆகியோரை உதாரணமாகக் கூறலாம். 2024இல் பதவியேற்ற ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவும் நிதித் துறையைத் தம் பொறுப்பில் வைத்துக்கொண்டார்.

கவனிக்க: அரசாங்கங்கள் மாறும்போது இவ்வமைச்சின் பெயரும் மாறும். திட்டமிடல், பொருளாதார அபிவிருத்தி, தேசிய கொள்கைகள் முதலிய துறைகள் காலத்துக்குக் காலம் இதனுடன் சேர்க்கப்பட்டும் பிரிக்கப்பட்டும் வந்துள்ளன. உதாரணமாக 2022 – 2024 காலத்தில் இது நிதி, பொருளாதார உறுதிப்பாடு மற்றும் தேசிய கொள்கைகள் அமைச்சாக இருந்தது. 2024இல் நிதி, திட்டமிடல் மற்றும் பொருளாதார அபிவிருத்தி அமைச்சாகியது. பெயர் மாறினாலும் திறைசேரியின் அடிப்படைப் பணி மாறுவதில்லை. பரீட்சையில் “நிதி அமைச்சு” என எழுதினாலே போதுமானது.

3. யாப்பு கூறுவது என்ன?

1978ஆம் ஆண்டு யாப்பின் 17ஆம் அத்தியாயம் நிதி பற்றியதாகும். பின்வரும் உறுப்புரைகளை இலக்கத்துடன் மனனம் செய்யுங்கள்.

உறுப்புரை 148: அரசாங்க நிதி மீதான முழுக் கட்டுப்பாடு பாராளுமன்றத்துக்கே உரியது. பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின் அதிகாரமின்றி எந்த வரியையும் விதிக்க முடியாது.
உறுப்புரை 149: திரட்டு நிதியம்.
உறுப்புரை 150: நிதி அமைச்சர் கையொப்பமிட்ட அதிகாரப் பத்திரம் இன்றித் திரட்டு நிதியத்திலிருந்து பணம் எடுக்க முடியாது. பாராளுமன்றத் தீர்மானத்தாலோ சட்டத்தாலோ அனுமதிக்கப்பட்ட பணத்துக்கு மட்டுமே அவர் அவ்வாறு கையொப்பமிடலாம்.
உறுப்புரை 152: அரசாங்க நிதியைப் பாதிக்கும் சட்டமூலங்களை அமைச்சர் ஒருவர் மட்டுமே, அமைச்சரவையின் அங்கீகாரத்துடன், சமர்ப்பிக்கலாம்.
உறுப்புரைகள் 153, 154: கணக்காய்வாளர் நாயகமும் அவரது கடமைகளும்.

இங்கு ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. திறவுகோலைப் பிடித்திருப்பவர் நிதி அமைச்சர். பெட்டியைத் திறக்க அனுமதி வழங்குவது பாராளுமன்றம். பெட்டியிலுள்ள பணமோ மக்களுடையது. இம்மூன்றையும் பிரித்து எழுதும் மாணவரின் விடை தெளிவாக அமையும்.

4. நிதி அமைச்சின் அமைப்பு

(அ) அரசியல் தலைமை: நிதி அமைச்சர். அவருக்கு உதவியாகப் பிரதி அமைச்சர்களோ இராஜாங்க அமைச்சர்களோ நியமிக்கப்படுவர். கொள்கை முடிவுகளுக்கு இவர்களே பாராளுமன்றத்தில் பொறுப்புக் கூறுவர்.

(ஆ) நிருவாகத் தலைமை: நிதி அமைச்சின் செயலாளர். இவரே திறைசேரியின் செயலாளருமாவார். இவருக்குக் கீழ் திறைசேரியின் பிரதிச் செயலாளர்கள் பணியாற்றுவர்.

(இ) திறைசேரியின் திணைக்களங்கள்: பிரதானமானவை பின்வருமாறு.

• தேசிய வரவு செலவுத் திட்டத் திணைக்களம்: அமைச்சுகளின் மதிப்பீடுகளைப் பெற்றுப் பரிசீலித்து வரவு செலவுத் திட்டத்தைத் தயாரிக்கும்.
• இறைக் கொள்கைத் திணைக்களம்: வரிக் கொள்கை தொடர்பாக ஆலோசனை வழங்கும்.
• திறைசேரி செயற்பாடுகள் திணைக்களம்: நாளாந்தப் பண வரவையும் விடுவிப்பையும் நிருவகிக்கும்.
• வெளிநாட்டு வளங்கள் திணைக்களம்: வெளிநாட்டு அரசாங்கங்கள், சர்வதேச நிறுவனங்கள் ஆகியவற்றுடன் கடன், நன்கொடை பற்றிப் பேச்சு நடத்தும்.
• அரச முயற்சிகள் திணைக்களம்: அரச கூட்டுத்தாபனங்களினதும் கம்பனிகளினதும் நிதி நிலைமையைக் கண்காணிக்கும்.
• அரச கணக்குகள் திணைக்களம்: அரசாங்கத்தின் ஆண்டுக் கணக்குகளைத் தொகுக்கும்.

(ஈ) வருமானம் சேகரிக்கும் திணைக்களங்கள்: இவை மூன்று.

• உள்நாட்டு இறைவரித் திணைக்களம்: வருமான வரி, பெறுமதி சேர் வரி முதலியவற்றை அறவிடும். தலைமையகம் கொழும்பு 2, சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தையில் உள்ளது.
• இலங்கைச் சுங்கம்: இறக்குமதித் தீர்வை முதலியவற்றை அறவிடும். 1869ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுங்கக் கட்டளைச் சட்டம் இதன் அடிப்படையாகும்.
• மதுவரித் திணைக்களம்: 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் உருவானது. மதுபானம் மீதான வரிகளையும் உரிமங்களையும் நிருவகிக்கும்.

பயிற்சி: பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்துள்ள கடையொன்றில், வரிக்கு முன் 500 ரூபா விலையுள்ள, வரிக்குட்பட்ட பொருளொன்றை வாங்குகிறீர்கள். 2024 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த 18 சதவீதத்தின்படி வரி 90 ரூபா. நீங்கள் செலுத்துவது 590 ரூபா. அந்த 90 ரூபாவைக் கடைக்காரர் அரசாங்கத்தின் சார்பில் சேகரிக்கின்றார். எனவே இது நேரில் வரியாகும். வருமானம் உழைக்காத மாணவரும் வரி செலுத்துகின்றார் என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளுங்கள்.

5. ஒரு பாடநூலின் பின்னால் உள்ள பயணம்

தொடக்கத்தில் கையிலெடுத்த பாடநூலுக்குத் திரும்புவோம். அதற்கான பணம் கடந்து வரும் படிகள் இவை.

படி 1. வரும் ஆண்டுக்கான மதிப்பீடுகளைத் தருமாறு தேசிய வரவு செலவுத் திட்டத் திணைக்களம் அமைச்சுகளைக் கேட்கும். கல்வி வெளியீட்டுத் திணைக்களம் தனது தேவையைக் கல்வி அமைச்சின் ஊடாக முன்வைக்கும்.
படி 2. எல்லா அமைச்சுகளும் கேட்பதை ஒரேயடியாகக் கொடுக்க முடியாது. கலந்துரையாடலின் பின்னர் தொகைகள் குறைக்கப்படும் அல்லது கூட்டப்படும்.
படி 3. அமைச்சரவையின் அங்கீகாரத்துடன் ஒதுக்கீட்டுச் சட்டமூலம் வர்த்தமானியில் வெளியிடப்பட்டு முதலாம் வாசிப்புக்குச் சமர்ப்பிக்கப்படும்.
படி 4. இரண்டாம் வாசிப்பின்போது நிதி அமைச்சர் வரவு செலவுத் திட்ட உரையை நிகழ்த்துவார். விவாதத்தின் பின் வாக்கெடுப்பு நடைபெறும்.
படி 5. குழுநிலையில் ஒவ்வோர் அமைச்சின் ஒதுக்கீடும் தனித்தனியாக விவாதிக்கப்படும்.
படி 6. மூன்றாம் வாசிப்பில் நிறைவேறிச் சட்டமாகும். பாராளுமன்றம் இச்சட்டமூலத்தை நிராகரித்தால் யாப்பின்படி அமைச்சரவை கலைந்துவிடும்.
படி 7. நிதி அமைச்சரின் அதிகாரப் பத்திரத்தின் பேரில் திறைசேரி பணத்தைப் பகுதி பகுதியாக விடுவிக்கும்.
படி 8. விலைமனுக் கோரி அச்சகம் தெரிவு செய்யப்படும். நூல் அச்சாகிப் பாடசாலையை வந்தடையும். அச்சகத்துக்குப் பணம் செலுத்தப்படும்.
படி 9. செலவுக் கணக்கைக் கணக்காய்வாளர் நாயகம் பரிசோதித்துப் பாராளுமன்றத்துக்கு அறிக்கை சமர்ப்பிப்பார். அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு உத்தியோகத்தர்களை அழைத்து வினவும்.

கணக்காய்வாளர் நாயகம் நிதி அமைச்சருக்குக் கீழ்ப்பட்டவரல்லர். அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரத்துடன் ஜனாதிபதியால் நியமிக்கப்படும் அவர் பாராளுமன்றத்துக்கே அறிக்கையிடுவார். செலவு செய்பவரே கணக்கையும் பரிசோதித்தால் அது சோதனையாகாது என்பதே இதன் தத்துவம்.

சில வேளைகளில் தேர்தல் காரணமாக ஆண்டு தொடங்குமுன் வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்ற முடியாது போகும். அப்போது குறுகிய காலச் செலவுக்காக இடைக்காலக் கணக்கறிக்கை ஒன்றைப் பாராளுமன்றம் அங்கீகரிக்கும். 2025இன் முதல் நான்கு மாதங்களுக்கென 2024 டிசெம்பரில் அவ்வாறு செய்யப்பட்டது. 2025ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் 2025 பெப்ரவரி 17இல் சமர்ப்பிக்கப்பட்டது.

6. குழப்பிக்கொள்ளக் கூடாத மூன்று நிறுவனங்கள்

நிதி அமைச்சு: வரி, செலவு, கடன் பற்றிய இறைக் கொள்கைக்குப் பொறுப்பானது. அமைச்சர் ஒருவரின் கீழ் இயங்கும்.

மத்திய வங்கி: நாணயத்தை வெளியிடும், வட்டி வீதம் போன்ற நாணயக் கொள்கைக் கருவிகளால் விலை உறுதிப்பாட்டைப் பேணும்.

நிதி ஆணைக்குழு: 1987இன் 13ஆவது திருத்தத்தின் மூலம் தோன்றியது. மாகாணங்களுக்கு வழங்க வேண்டிய நிதி பற்றி அரசாங்கத்துக்கு விதப்புரை செய்யும். மத்திய வங்கி ஆளுநரும் திறைசேரிச் செயலாளரும் பதவி வழி உறுப்பினர்களாவர். மேலும் மூவர் நியமிக்கப்படுவர்.

ரூபாத் தாள் ஒன்றை எடுத்துப் பாருங்கள். அதில் நிதி அமைச்சரினதும் மத்திய வங்கி ஆளுநரினதும் கையொப்பங்கள் இருக்கும். ஆயினும் தாளை வெளியிடுவது நிதி அமைச்சு அல்ல, மத்திய வங்கியே.

7. 2022ஆம் ஆண்டின் பாடம்

2022 மார்ச்சில் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. காரணம், காகிதமும் அச்சு மையும் போதாமையாகும். அவற்றை இறக்குமதி செய்ய நாட்டிடம் டொலர் இருக்கவில்லை. எரிபொருள், சமையல் எரிவாயு ஆகியவற்றுக்காக மக்கள் வரிசையில் நின்றனர். 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடன்களுள் பெரும்பாலானவற்றை மீளச் செலுத்துவதைத் தற்காலிகமாக நிறுத்துவதாக நிதி அமைச்சு அறிவித்தது. சுதந்திரத்தின் பின்னர் இவ்வாறு நேர்ந்தது இதுவே முதற் தடவையாகும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தை எட்டியது.

காரணங்கள் பல. அவற்றைப் பின்வருமாறு தொகுத்து எழுதலாம்.
1. பல ஆண்டுகளாகச் செலவு வருமானத்தை மிஞ்சியமை.
2. வெளிநாட்டுச் சந்தையில் டொலரில் பெற்ற கடன்கள் குவிந்தமை.
3. 2019 டிசெம்பரில் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டு வரி வருமானம் வீழ்ந்தமை.
4. கொவிட் தொற்றினால் சுற்றுலா வருமானம் இழக்கப்பட்டமை.
5. பற்றாக்குறையை நிரப்ப மத்திய வங்கி திறைசேரி உண்டியல்களைப் பெருமளவில் கொள்வனவு செய்தமை.

வரி குறைந்தபோது பலர் மகிழ்ந்தனர். ஆனால் குறைந்த வரியின் விலை பின்னர் பொருள்களின் விலையாக வந்து சேர்ந்தது. 1953இல் சுமை வெளிப்படையாக ஏற்றப்பட்டது. 2019இல் அது பிற்போடப்பட்டது. இரண்டிலும் இறுதியில் சுமந்தவர் சாதாரண மக்களே.

இதன் பின்னர் அமைப்பில் ஏற்பட்ட மாற்றங்கள் பரீட்சைக்கு முக்கியமானவை.

• 2023 மார்ச்: சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் பெறுமதியான நான்காண்டு உதவித் திட்டத்தை அங்கீகரித்தது.
• 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம்: அரசாங்கத்துக்கு மத்திய வங்கி நேரடியாகக் கடன் வழங்குவது தடுக்கப்பட்டது. முன்னர் நாணயச் சபையில் அங்கம் வகித்த திறைசேரிச் செயலாளருக்குப் புதிய ஆளும் சபையில் இடமில்லை.
• 2023 நவம்பர்: நிதிக்கும் பொருளாதாரத்துக்கும் பொறுப்பாயிருந்த முன்னாள் உயர் பதவியினர் சிலர் மக்களின் அடிப்படை உரிமையை மீறியுள்ளனர் என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.
• 2024ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரச கடன் முகாமைத்துவச் சட்டம்: பல இடங்களில் சிதறியிருந்த கடன் நிருவாகத்தை ஒன்றுசேர்க்க நிதி அமைச்சில் தனி அலுவலகம் அமைக்க வழி செய்தது.
• 2024ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க அரச நிதி முகாமைத்துவச் சட்டம்: வரவு செலவு, செலவு எல்லை, அறிக்கையிடல் ஆகியவற்றுக்கான விதிகளை வகுத்தது.

இம்மாற்றங்கள் யாவும் ஒரே நோக்கத்தைக் கொண்டவை. திறவுகோலை வைத்திருப்பவர் தனியே பெட்டியைத் திறக்க முடியாதவாறு மேலும் பூட்டுகள் இடப்பட்டுள்ளன. அப்பூட்டுகள் பயனளிப்பது பாராளுமன்றமும் மக்களும் கேள்வி கேட்கும் வரையிலேயாகும்.

8. மாணவர்கள் வழமையாக விடும் பிழைகள்

• “முதலாவது நிதி அமைச்சர் சேர் ஒலிவர் குணதிலக்க” என எழுதுதல். அவர் நிதிச் செயலாளராக இருந்தவர். 1953இலேயே நிதி அமைச்சரானார்.
• “அரசாங்க நிதிக் கட்டுப்பாடு நிதி அமைச்சருக்குரியது” என எழுதுதல். உறுப்புரை 148இன்படி அது பாராளுமன்றத்துக்குரியது.
• இறைக் கொள்கையையும் நாணயக் கொள்கையையும் மாற்றி எழுதுதல்.
• டொனமூர் யாப்பின் கீழ் எல்லாத் துறைகளும் மக்கள் பிரதிநிதிகளிடம் இருந்ததாகக் கருதுதல்.

9. மாதிரி வினாக்கள்

குறுவிடை வினாக்கள்

1. டொனமூர் யாப்பின் கீழ் நிதித் துறைக்குப் பொறுப்பாக இருந்தவர் யார்? (நிதிச் செயலாளர்)
2. இலங்கையில் வருமான வரி அறிமுகமான ஆண்டு எது? (1932)
3. திரட்டு நிதியத்திலிருந்து பணம் எடுக்கத் தேவையான பத்திரத்தில் கையொப்பமிடுபவர் யார்? (நிதி அமைச்சர்)
4. நிதி அமைச்சின் கீழ் வருமானம் சேகரிக்கும் திணைக்களங்கள் மூன்றைத் தருக. (உள்நாட்டு இறைவரி, சுங்கம், மதுவரி)
5. நிதி ஆணைக்குழுவின் பிரதான பணி யாது? (மாகாணங்களுக்கான நிதி ஒதுக்கீடு பற்றி விதப்புரை செய்தல்)

கட்டமைப்பு வினா

(i) ஒதுக்கீட்டுச் சட்டமூலம் என்றால் என்ன?
(ii) அது பாராளுமன்றத்தில் கடந்து செல்லும் கட்டங்களை வரிசைப்படுத்துக.
(iii) “கணக்காய்வாளர் நாயகம் நிதி அமைச்சரிடமிருந்து சுயாதீனமாக இருக்க வேண்டும்.” காரணங்கள் இரண்டு தந்து விளக்குக.
(iv) 2022ஆம் ஆண்டு நெருக்கடியின் பின்னர் நிதி முகாமைத்துவத்தில் ஏற்பட்ட மாற்றங்கள் மூன்றைக் குறிப்பிடுக.

விடை எழுதும் முறை: (iii) போன்ற வினாவுக்குக் காரணத்தை மட்டும் எழுதி நிறுத்த வேண்டாம். காரணம் ஒன்று, அதற்கு விளக்கம் ஒன்று, இயலுமாயின் உதாரணம் ஒன்று என எழுதுங்கள். உதாரணமாக, “செலவு செய்யும் தரப்பே கணக்கைப் பரிசோதித்தால் குறைகள் மறைக்கப்படலாம். எனவே கணக்காய்வாளர் நாயகம் தனது அறிக்கையைப் பாராளுமன்றத்துக்கே சமர்ப்பிக்கின்றார்” என எழுதலாம்.

மாணவர்களே, அடுத்த முறை வரவு செலவுத் திட்ட உரை வானொலியிலோ தொலைக்காட்சியிலோ ஒலிபரப்பாகும்போது, எந்தப் பொருளின் விலை கூடியது என்பதை மட்டும் கேட்டுவிட்டு எழுந்து செல்லாதீர்கள். வருமானம் எவ்வளவு, செலவு எவ்வளவு, இடைவெளி எவ்வாறு நிரப்பப்படும் என்னும் மூன்று கேள்விகளையும் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதுங்கள். பரீட்சைக்கு அது உதவும். வாக்களிக்கும் வயதை நீங்கள் எட்டும்போது அதைவிடப் பெரிதும் உதவும்.